கடற்படையும் கப்பல் கட்டுந் தொழிலும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையேயுள்ள கடலில், சிறு திட்டொன்றின்மீது ஹமன்ஹீல் கோட்டை நிற்கின்றது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், குடாநாட்டைக் காப்பதற்கு இத்துறைவாயிலைக் காத்தல் வேண்டும் என்பதை நன்குணர்ந்திருந்தனர். இன்றும் அதனருகே காரைநகரில் இலங்கைக் கடற்படையின் தளம் இருக்கின்றது. கடலைக் காக்கக் கப்பல் வேண்டும். அதனை வாங்குவதா, கட்டுவதா என்பது கடற்படையுள்ள ஒவ்வொரு நாடும் விடைகாண வேண்டிய வினாவாகும்.

1950 ஆம் ஆண்டு டிசம்பரில் தோன்றிய இலங்கைக் கடற்படை, தன் முதற் கப்பலாகிய 'விஜய'வைப் பிரித்தானியாவிடமிருந்து பெற்றது. 1974 இல் கொழும்பு டொக்யார்ட் நிறுவனம் அமைந்தது. அது கட்டிய 'ஜயசாகர' என்னும் ரோந்துக் கப்பல் 1983 இல் கடற்படையிற் சேர்ந்தது. பின்னர் போர்க்காலத்தில் விரைவுத் தாக்குதற் படகுகளும் அங்கே உருவாயின. ஆயினும், 2017 இலும் 2018 இலும் சேர்ந்த 'சயுரல', 'சிந்துரல' ஆகிய பெருங்கப்பல்கள் இந்தியாவின் கோவாவிற் கட்டப்பட்டவை.

இதற்குக் காரணம் திறமைக் குறைவு மட்டுமன்று. சிறிய நாடொன்றுக்குப் பெரும் போர்க்கப்பல் பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே தேவைப்படும். இடைக்காலத்தில் வேலையின்றேல், உருக்குத் தகட்டை வளைப்போரும் பொறிகளைப் பொருத்துவோரும் பிறதொழில் நாடிச் செல்வர். ஆகவேதான் கப்பற்றளங்கள் வணிகக் கப்பல்களையும் கட்டிப் பழுதுபார்த்து உயிர்வாழ்கின்றன. அவ்வாறு செய்தும் கொழும்பு நிறுவனம் பண நெருக்கடிக்கு உள்ளாயிற்று. 2025 இல் இந்திய அரசின் மசகொன் கப்பற்றளம் அதன் பெரும்பங்கை வாங்கப்போவதாக அறிவித்தது.

இப்பாடம் யாழ்ப்பாணத்தவர்க்குப் புதிதன்று. வல்வெட்டித்துறை ஓடாவிமார் வேப்பமரத்தாற் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், 1938 இல் அத்திலாந்திக் கடலைக் கடந்து அமெரிக்காவை அடைந்தது. பாய்க்கப்பலை வேண்டுவோர் அருகியபோது அத்தொழிலும் ஒடுங்கிற்று. கைத்திறன் ஏட்டில் வாழ்வதன்று. தொடர்ந்த வேலையிலேயே வாழ்வது.

தீவகக் கடல் ஆழங்குறைந்தது. பெருங்கப்பலுக்கு இங்கே இடமில்லை. சிறு படகுகளுக்கே இடமுண்டு. நோர்வே நாட்டு உதவியுடன் காரைநகரில் எழுந்த சீநோர் படகுத்தளம், கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியது. போர் அதனை முடக்கிற்று. மீன்பிடி வள்ளம், பயணிகள் படகு, ரோந்துப் படகு ஆகிய மூன்றையும் ஒரே தளத்திற் கட்டவும் திருத்தவும் இயலும். கடற்படையின் வேலை குறையுங் காலத்தில் மீனவரின் வேலை அத்தளத்தைத் தாங்கும்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் படகு பழுதுற்றால், நோயாளியும் மாணவரும் கரையிற் காத்திருக்க நேரும். அப்படகைத் திருத்தும் கைகளே காவற்படகையும் கட்டவல்லவை. அக்கைகளுக்கு இடையறாது வேலையளிப்பதே கப்பல் கட்டுங் கொள்கையின் முதற்படியாகும்.