களைத்துப்போன காவலர்கள்: ரஃபி அஹ்மதின் ஆய்வும் எமது 'எதிர்ப்புச் சக்தி'யும்

புற்றுநோய் பற்றி எம்மவர் பேசும்போது அடிக்கடி வந்து விழும் சொல் 'எதிர்ப்புச் சக்தி'. பாடசாலை விஞ்ஞான நூலில் 'நிர்ப்பீடனம்' என்றிருப்பது, வெள்ளவத்தைக் கடைத்தெருவுக்கு வரும்போது 'சக்தி'யாகி விடுகிறது. சக்தி என்றதும் அதை ஓர் அளவாக எண்ணிக்கொள்கிறோம். குறைந்தால் கூட்டலாம், கூட்டுவதற்குத் தூளும் எண்ணெயும் போத்தலில் கிடைக்கும். தமிழ் படிப்பிக்கும் எனக்கு இந்தச் சொல்லின் மேல் நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. அதைத் தெளிய வைத்தது பேராசிரியர் ரஃபி அஹ்மதின் ஆய்வு வரலாறு.

அவர் 1948 இல் ஐதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் கற்றபின் அமெரிக்கா சென்றார். 1981 இல் ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் மைக்கல் ஓல்ட்ஸ்டோனிடம் ஆய்வுப் பயிற்சி பெற்றார். 1995 முதல் அட்லாண்டாவின் எமோரி பல்கலைக்கழகத்தில் தடுப்பூசி ஆய்வு மையத்தைக் கட்டியெழுப்பினார். இத்தனைக்கும் அவர் தொடங்கியது புற்றுநோயில் அல்ல. எலிகளைத் தொற்றும் எல்சிஎம்வி என்ற ஒரு வைரஸில்.

அந்த வைரஸின் ஒரு வகை சில நாட்களில் எலியின் உடலை விட்டு நீங்கிவிடும். இன்னொரு வகை மாதக்கணக்கில் தங்கிவிடும். ஏன் இந்த வேறுபாடு என்பதே அவரது கேள்வி. தொற்றிய கலங்களைத் தேடிக் கொல்லும் காவலர்கள் எம் இரத்தத்தில் உண்டு; அவற்றை டீ கலங்கள் என்பர். நீண்டநாள் தொற்றில் இவை செத்து மடிந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், 1998 இல் அவரது குழு வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. காவலர்கள் இருக்கிறார்கள், எதிரியை அடையாளமும் காண்கிறார்கள், ஆனால் கை ஓங்குவதில்லை. களைத்துப் போயிருக்கிறார்கள்.

களைப்புக்குக் காரணம் என்ன? ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹொஞ்சோவின் குழு 1992 இல் 'பிடி-1' என்ற புரதத்தைக் கண்டுபிடித்திருந்தது. டீ கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் இது ஒரு பிரேக். சண்டை எல்லை மீறி எம் சொந்த உறுப்புகளையே தாக்கிவிடாமல் காப்பது இதன் வேலை. நீண்டநாள் தொற்றில் இந்த பிரேக் மிதித்தபடியே கிடக்கிறது. 2006 இல் அஹ்மதின் குழு, ஹார்வர்டின் ஆர்லின் ஷார்ப், கோர்டன் ஃப்ரீமன் ஆகியோருடன் சேர்ந்து, எலிகளில் அந்த பிரேக்கைத் தடுத்துப் பார்த்தது. களைத்த கலங்கள் மீண்டும் எழுந்தன. வைரஸின் அளவு குறைந்தது.

புற்றுக்கட்டியும் நீண்டநாள் தங்கும் எதிரிதான். கட்டிக்குள் நுழைந்த டீ கலங்களும் இவ்வாறே களைத்துக் கிடக்கின்றன. பிடி-1 ஐத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய மருந்துகளுக்கு 2014 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூளைவரை பரவிய தோல் புற்றுநோய்க்கு முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2015 இல் எமோரியிலேயே சிகிச்சை பெற்றார். சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை ஆகியவற்றோடு பெம்ப்ரோலிசுமாப்பும் கொடுக்கப்பட்டது. அவர் 2024 இல் நூறு வயதில்தான் காலமானார். ஹொஞ்சோவுக்கும் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018 இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. 2016 இல் அஹ்மதின் குழு இதற்கு ஒரு காரணம் கண்டது. பிரேக்கை விட்டால் எழுந்து பெருகுபவை எல்லாக் களைத்த கலங்களும் அல்ல. விதைநெல் போல ஒதுங்கியிருக்கும் ஒரு சிறு பிரிவே. 2019 இல் எமோரியின் ஹேடன் கிஸ்ஸிக் குழு, மனிதரின் சிறுநீரகக் கட்டிகளுக்குள்ளும் இந்த விதைநெல் தங்கும் கூடுகள் இருப்பதைக் காட்டியது. கூடுகள் அற்ற கட்டி உள்ளவர்களில் நோய் விரைவாக முன்னேறியது. விதைநெல் இல்லாத வயலில் மழை பெய்து என்ன பயன்?

கொட்டாஞ்சேனையில் என் மாணவி ஒருத்தியின் தாய் சொன்னார்: "வாப்பாட எதிர்ப்புச் சக்தி கொறஞ்சிதான் டீச்சர் கட்டி வந்தீக்கி. அதக் கூட்டுற மருந்தொண்டு ஈக்காம். மஹரகம கிளினிக்க நிப்பாட்டிட்டு அதக் குடுக்கப் போறோம்." நான் சொன்னேன்: "சக்தி கொறஞ்சதில்ல உம்மா. காவல்காரன் வாசல்லதான் நிக்கிறான், கை கட்டியீக்கி. தூளக் குடுத்துக் கட்டவுழ்க்க ஏலுமா?"

பிரேக்கை விடுவதும் விளையாட்டல்ல. விடுவித்த கலங்கள் குடலையும் நுரையீரலையும் தைரொயிட்டையும் தாக்கக்கூடும். அதனால்தான் வைத்தியர் கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். விலையோ எம் போன்ற குடும்பங்களுக்கு எட்டாதது. ஆனால் சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் எட்டாதவையல்ல. எம் நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்று. வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கமே அதன் பெருங்காரணம். நேரத்தோடு கண்டால் குணப்படுத்தக் கூடியது. 'சக்தி கூட்டும்' போத்தலுக்காகக் கிளினிக்கை விடும் ஒவ்வொரு மாதமும் அந்த நேரத்தைத்தான் தின்கிறது. வேறெந்த மருந்தைச் சேர்த்து எடுப்பதானாலும் முதலில் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். சில மூலிகைகள் சிகிச்சை மருந்தின் வேலையைக் குழப்பிவிடும்.

'நிர்ப்பீடனம்' என்பது வாயில் நுழையாத சொல்தான். ஆனால் அதைக் கூட்டவோ குறைக்கவோ போத்தலில் யாரும் விற்பதில்லை.