காற்றில் பூஞ்சை எவ்வளவு?

சங்கராபுரம் பக்கம் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அரைவை நடந்தால் கரும்புச் சக்கை குவியும். கல்வராயன் மலையடிவாரக் களங்களில் மக்காச்சோளம் காயும். இரண்டிலும் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். கிளறினால் தூசி கிளம்பும். அந்தத் தூசியில் பூஞ்சை எவ்வளவு என்பதை எப்படி அளப்பது?

பழகிய முறை, ஊட்டம் பூசிய தட்டைக் காற்றில் காட்டி, முளைப்பதை எண்ணுவது. முளைப்பவை உயிருள்ளவை மட்டுமே. அவற்றிலும் எல்லாம் முளைக்காது. செத்த வித்துகளும் உடைந்த இழைத்துண்டுகளும் கணக்கில் சேராது. ஆனால் மூச்சிரைப்பையும் ஒவ்வாமையையும் அவையும் தூண்டும். தட்டை மட்டும் நம்பினால் பாதிப்பைக் குறைத்தே மதிப்பிடுவோம்.

இங்கேதான் எர்கோஸ்டெரால் உதவுகிறது. நம் செல்சவ்வில் கொலஸ்டிரால் இருக்கும் இடத்தில் பூஞ்சைக்கு இருப்பது இது. படர்தாமரைக்குப் பூசும் க்ளோட்ரிமசோல் களிம்பு வேலை செய்வதே, பூஞ்சை இதைத் தயாரிக்க விடாமல் தடுப்பதால்தான். செடிகொடிகளில் இது பெரும்பாலும் கிடையாது. ஆகவே தூசியில் எர்கோஸ்டெரால் இருந்தால், அங்கே பூஞ்சை இருக்கிறது, அல்லது இருந்தது என்று பொருள்.

சிறு பம்பு காற்றை வடிதாள் வழியே இழுக்கும். தாளில் படிந்ததைக் காரம் கலந்த ஆல்கஹாலில் சூடாக்கிப் பிரித்து, குரோமட்டோகிராபி கருவியில் செலுத்துவார்கள். 282 நானோமீட்டர் புறஊதா ஒளியை எர்கோஸ்டெரால் நன்றாக உறிஞ்சும். அதை வைத்தே அளவு தெரியும். இனத்துக்கு இனம் இதன் அளவு மாறுவதால், வித்து எண்ணிக்கையாக மாற்றினால் தோராயம்தான். ஒரு கனமீட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று சொல்வதே நேர்மை.

வித்து எண்ணிக்கையை அறிய அராபிட்டால், மானிட்டால் என்ற இரண்டு சர்க்கரை ஆல்கஹால்கள் உதவும். வியன்னா ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு வித்தில் சராசரியாக 1.2 பிகோகிராம் அராபிட்டால், 1.7 பிகோகிராம் மானிட்டால். கனமீட்டர் காற்றில் 12 நானோகிராம் அராபிட்டால் இருந்தால் சுமார் 10,000 வித்துகள். ஆனால் மானிட்டால் சில செடிகளிலும் உண்டு. மூணாறில் 2014 தென்மேற்குப் பருவமழையின்போது ஐஐடி மெட்ராஸ் குழு வேறு வழியில் போனது: காற்றில் மிதக்கும் உயிர்த்துகள்கள் புறஊதா ஒளி பட்டதும் ஒளிர்வதைக் கருவியால் பதிவு செய்தது.

ஒரு எச்சரிக்கை. பழைய சக்கைத் தூசியால் வரும் பகாசோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கு முக்கியக் காரணம், சூடேறிய குவியலில் வளரும் ஆக்டினோமைசீட்ஸ். அவை பாக்டீரியா இனம்; எர்கோஸ்டெரால் அவற்றில் இல்லை. இந்தச் சோதனையில் அளவு குறைவாக வந்தது என்பதற்காக, சக்கை அள்ளுபவர்களின் இருமலை அலட்சியம் செய்யக் கூடாது. அவர்களுக்கு நுரையீரல் பரிசோதனையும் தனியே வேண்டும். காற்று மாதிரியையும் ஆலை வளாகத்தின் ஓரத்தில் எடுக்காமல், அவர்கள் சட்டைக் காலரில் பொருத்தும் வடிதாளில் எடுக்க வேண்டும்.