கருப்பையா, கழிவுப் பையா?

"பெற்றது மூன்று. போதுமென்று குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆகிவிட்டது. இனி அந்தப் பை இருந்தென்ன, போயென்ன?"

கூட்டேரிப்பட்டு நாற்சந்தியிலே, மயிலம் பாதை பிரிகிற இடத்துத் தேநீர்க் கடைகளிலே, இப்படிப் பேசும் குரலை நாம் கேட்டதுண்டு. பேசுகிறவர் கல்நெஞ்சரல்லர். கல் உடைத்துப் பிழைக்கும் பாட்டாளி. மாதத்தில் பத்து நாள் மனைவி பெரும்பாட்டில் துவண்டு கிடப்பதைக் கண்டு கலங்குபவர். கூலியும் போயிற்றே, குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்ச ஆளில்லையே என்று தவிப்பவர். 'எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது' என்று யாரோ சொன்னதை நம்பினார். நம்பியவர் மீது நமக்குச் சினமில்லை. நம்ப வைத்தவர்களைக் கேட்கவே எழுதுகோல் ஏந்துகிறோம்.

தோழர்களே! கருப்பை என்பது பிள்ளை சுமக்கும் வாடகை வீடன்று, குடித்தனம் காலியானதும் இடித்துத் தள்ள! கைப்பிடியளவுதான் அது. முன்னே மூத்திரப்பை, பின்னே மலக்குடல், நடுவே தசைநார்களால் தாங்கப்பட்டு நிற்கிறது. சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு வரும் குழாய், கருப்பைக்கு இரத்தம் கொண்டுவரும் நாளத்தின் அடியிலே, கருப்பை வாயிலிருந்து ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தொலைவிலே ஓடுகிறது. அந்த இரத்த நாளத்தைக் கட்டி அறுக்காமல் கருப்பையை எடுக்க முடியாது. கத்தி சற்றே விலகினால் என்னாகும்? தேர்ந்த கைகளுக்குக்கூட, எப்போதாவது, அந்தக் குழாய் காயப்படுவதுண்டு, மூத்திரப்பை கிழிவதுண்டு. இரத்தப் பெருக்கு, சீழ், மயக்க மருந்தின் விளைவு, காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறி உயிரையே பறிப்பது – இவையெல்லாம் அரிதாக நிகழ்பவை, ஆயினும் நிகழ்பவை. வயிற்றைக் கிழித்து எடுத்தாலும், பிறப்புறுப்பு வழியே எடுத்தாலும், சிறு துளையிட்டுக் கருவி நுழைத்து எடுத்தாலும் அது பெரிய அறுவைதான். 'சின்ன ஓட்டை, நாளை மறுநாள் வேலைக்குப் போகலாம்' என்பார் பேச்சை நம்ப வேண்டாம்!

இதைவிடப் பெரிய செய்தி ஒன்றுண்டு. கருப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், முப்பத்தைந்து வயதுப் பெண் ஒரே இரவில் ஐம்பதைத் தாண்டியவளாகிறாள். உடலெல்லாம் அனல், உறக்கமின்மை. நாளாக ஆக எலும்பு வலுவிழக்கிறது, இதய நோய்க்கு வழி பிறக்கிறது. சினைப்பைகளை விட்டுவைத்தாலும் சிலருக்கு மாதவிலக்கு முடியும் பருவம் முந்தியே வந்துவிடுகிறது. தலையிலே கருங்கல் சுமந்து, இடுப்பிலே பிள்ளை சுமந்து, குனிந்து மணிலாக் கொட்டை பிடுங்குகிற பெண்ணுக்கு எலும்பு போனால் பிழைப்பே போயிற்று. மாடிவீட்டு மாதரசிக்கு அது மருந்துச் சீட்டு. நம் தங்கைக்கு அது பட்டினி!

மிகைப்படுத்துகிறோமா? மராட்டிய மாநிலத்துப் பீட் மாவட்டத்தைப் பாருங்கள். நம் முண்டியம்பாக்கத்து ஆலைக்கும் பெரியசெவலை ஆலைக்கும் போகிற அதே கரும்புதான் அங்கும் கதை. அறுவடைக் காலத்திலே மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஊர்விட்டுப் புறப்படுகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஓர் அரிவாள் என்பது கணக்கு. ஒருநாள் ஒருவர் நின்றால் அபராதம்! கழிப்பிடமில்லை, குளிக்க நீரில்லை. மாதவிலக்கு வந்தாலும் வெட்டு, காய்ச்சல் வந்தாலும் வெட்டு. வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று மருத்துவரிடம் போனால், 'புற்று வரும், எடுத்துவிடு' என்ற அச்சுறுத்தல். மாநில அரசு அமைத்த நீலம் கோர்ஹே குழு 2019-இல் கணக்கெடுத்தது. 82,309 கரும்பு வெட்டும் பெண்களில் 13,861 பேருக்குக் கருப்பை இல்லை. ஆறில் ஒருத்தி! கூலி குறையக் கூடாது என்பதற்காக உடலையே குறைத்துக்கொண்ட கொடுமையை எந்தப் பெயரிட்டு அழைப்பது?

நம் வட்டாரத்தில் அப்படி நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அக்கம்பக்கத்துக் கணக்கு மனத்தை உறுத்துகிறது. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூவர் கருப்பை இழந்தவர்கள். ஆந்திரத்திலோ நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேர்! நாடெங்கும் நடந்த இந்த அறுவைகளில் மூன்றில் இரண்டு தனியார் மருத்துவமனைகளில். பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன காரணம், மிகுதியான உதிரப்போக்கு.

உதிரப்போக்கு உயிரை உருக்கும் நோய்தான், மறுப்பார் யார்? ஆனால் அதற்கு முதல் மருந்து கத்தியா? போக்கைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. கருப்பைக்குள் பொருத்தி ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் ஹார்மோன் காப்பர்-டி போன்ற சாதனம் உண்டு. நார்த்திசுக் கட்டியென்றால் கட்டியை மட்டும் அகற்றலாம். சிறு கட்டி, தொல்லையில்லை என்றால் விட்டே வைக்கலாம். அடி இறங்கியிருந்தால் தாங்குவளையம் உண்டு. வெள்ளைப்படுதலுக்குப் பெரும்பாலும் மாத்திரையே போதும். அதற்காகக் கருப்பையை எடுப்பது, மூக்கு ஒழுகுகிறதென்று மூக்கையே அறுப்பது!

அதற்காக 'ஆபரேஷனே கூடாது' என்று யாரேனும் கிளம்பினால் அவரோடும் நமக்கு வழக்குண்டு. புற்று கண்டபின், பிள்ளைப்பேற்றில் இரத்தம் நில்லாமல் கொட்டும்போது, மருந்துக்கெல்லாம் மசியாத பெரும்பாட்டில், கருப்பையை எடுப்பதே உயிர் காக்கும் வழி. 'ஹிஸ்டீரியா' என்ற சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்தது. பெண் அழுதாலும் அலறினாலும் பழி கருப்பைக்கு என்றிருந்தது அந்நாளைய மேல்நாட்டு மருத்துவம். நம்மூரிலே பேய் என்றார்கள், வேப்பிலை எடுத்தார்கள்! மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் இரத்தம் கண்டால் வேண்டுதல் வேண்டாம், வெட்கம் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புற்று பற்றிய அச்சத்துக்கு விடை அவசரக் கத்தியன்று, சோதனை. நம் திண்டுக்கல் மாவட்டத்திலே பயிற்சி பெற்ற செவிலியர், சமையற்காடியில் இருக்கிற அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பை வாயைப் பார்த்தார்கள். ஒரே ஒரு முறைச் சோதனை! அதனாலேயே கருப்பைவாய்ப் புற்றுச் சாவு நூற்றுக்கு 35 குறைந்தது என்று 2007-இல் லான்செட் ஏடு உலகுக்கு அறிவித்தது. 30 வயது கடந்த பெண்களுக்கு நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அச்சோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். மாநாட்டுக்கு வேன் பிடிக்கிற கிளைத் தோழர்கள், ஒருநாள் அந்தச் சோதனைக்கும் ஊர்ப் பெண்களை அழைத்துச் சென்றால் என்ன?

இன்னொன்று. தாளிலே கையெழுத்திடுவது யார்? டில்லியில் 1995-இல் 44 வயதுப் பெண்ணொருத்தியைச் சோதனைக்கென்று மயக்கத்தில் ஆழ்த்தினார்கள். விழித்தெழுந்தபோது கருப்பையும் இல்லை, சினைப்பைகளும் இல்லை. வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் கேட்டோம் என்றார்கள். உச்சநீதிமன்றம் 2008 சனவரியில் தீர்ப்புரைத்தது: சோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்குச் சம்மதமாகாது, வயது வந்த, அறிவுத் தெளிவுள்ள பெண் இருக்க, உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லாதபோது, தாயின் சம்மதம் செல்லாது. தாய்க்கே இல்லாத உரிமை கணவனுக்கு எங்கிருந்து வரும், தோழரே? "எடுத்திடுங்க டாக்டர்" என்று நாம் சொல்வதற்குமுன் அவள் வாய் திறக்க வேண்டாமா? 2023 ஏப்ரல் 5-இல் அதே நீதிமன்றம், தேவையற்ற கருப்பை அறுவைகளைத் தடுக்க ஒன்றிய அரசு வகுத்த நெறிமுறைகளை மூன்று திங்களுக்குள் மாநிலங்கள் ஏற்க வேண்டுமென்றது. மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு என்பது அந்த நெறிமுறைகளில் ஒன்று. விழுப்புரம் மாவட்டத்துக் குழு எத்தனை முறை கூடியது என்று கேட்டு ஒரு மனு எழுத, அஞ்சல்தலைக் காசு போதும்.

ஒரு மருத்துவர் எடுக்கச் சொன்னால், அவரைப் பகைக்க வேண்டாம். ஸ்கேன் படத்தை வாங்கிக்கொண்டு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, புதுவை ஜிப்மருக்கோ போய் இன்னொருவர் கருத்தையும் கேளுங்கள். என்ன நோய், வேறு வழி பார்த்தாயிற்றா, சினைப்பைகளையும் எடுப்பார்களா என்பதை அவளே கேட்கட்டும். நாம் பக்கத்தில் நிற்போம். எடுத்தே ஆகவேண்டும் என்றால், ஆறு வாரம் குடமும் கல்லும் அவள் தூக்கக் கூடாது. அந்த ஆறு வாரமும் அடுப்பும் குழாயடியும் யார் பொறுப்பு என்பதை, ஆபரேஷன் நாள் குறிக்குமுன் வீட்டிலே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த உறுப்பை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி வரும் அறிக்கையைக் கேட்டு வாங்கி, ரேஷன் அட்டையோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.