மைஸ்டர்ஷ்டுக்: ஒரே பெயரில் இரண்டு உச்சரிப்பு

ஹாம்பர்க்கின் மோன்பிளான் நிறுவனம் 1924இல் அறிமுகப்படுத்திய பேனா வரிசையின் பெயரை (Meisterstück) ஆங்கிலம்போலப் படித்தால் ‘மீஸ்டர்ஸ்டக்’ என்றுதான் வாயில் வரும். ஆனால் பெயர் ஜெர்மன்; அங்கே ‘இ’, ‘ஐ’ எழுத்துகள் சேர்ந்து வந்தால் ஒலி ‘ஐ’. ஆகவே மைஸ்டர். அடுத்ததுதான் சுவையானது. ‘எஸ்’, ‘டி’ இரண்டும் இப்பெயரில் இருமுறை சேர்ந்து வருகின்றன. முதலாவது சொல்லின் நடுவில் இருப்பதால் ‘ஸ்ட’. இரண்டாவது, ஒட்டிய அடுத்த சொல்லின் தொடக்கம் என்பதால் ‘ஷ்ட’. எனவே மைஸ்டர்ஷ்டுக்.

கடைக்காரருக்குப் புரிந்தால் போதாதா என்று கேட்கலாம். வாங்குவதற்குப் போதும்தான். ஆனால் நிறுவனத்தின் பெயர் ஆல்ப்ஸ் மலைச் சிகரத்தின் பிரெஞ்சுப் பெயர். ஜெர்மானியர்களே அதன் ‘டி’யையும் ‘சி’யையும் விழுங்கி, பிரெஞ்சுக்காரர்போல மூக்கொலியோடுதான் சொல்கிறார்கள். அந்த மரியாதையை அவர்களுடைய சொல்லுக்கு நாமும் தரலாமே. தமிழ் நாக்குக்கு வராது என்பதும் முழு உண்மையல்ல. ‘கஷ்டம்’ சொல்லும் வாய்க்கு ‘ஷ்ட’ வராதா? மெய்யான சிக்கல் அதன்பின் வரும் உயிரொலி மட்டுமே. நாக்கை ‘இ’க்கு வைத்து, உதட்டை ‘உ’வுக்குக் குவிக்க வேண்டும். நம்மிடம் அதற்கு எழுத்தில்லை. ‘டு’ என்றே சொல்லிக்கொள்ளலாம். அதுவும் வேண்டாமென்றால், அந்த வரிசையின் பருத்த பேனாவுக்கு 149 என்றொரு எண்ணும் உண்டு.