டாரட் கற்கத் தொடங்குவோர் அறிய வேண்டியவை

கோயில் வாசல்களிலும் கடற்கரைகளிலும் கூண்டுக்கிளி அலகால் எடுத்துத் தரும் சீட்டின் தெய்வப் படத்தைப் பார்த்துப் பலன் சொல்லும் கிளி ஜோசியம் நெடுநாளாக வழக்கில் இருப்பதால், படச்சீட்டைக் கொண்டு குறி கேட்பது தமிழர்க்குப் புதியதன்று. ஆயினும் வழக்கமாக 27 சீட்டுகளுள் ஒன்றை எடுத்து அதற்குரிய பலனை உரைக்கும் அம்முறையைப் போலன்றி, டாரட்டில் பெரும்பாலும் பல அட்டைகளை அடுத்தடுத்து வைத்து, அவற்றின் படங்களுக்கு இடையேயான உறவிலிருந்து வாசிப்பவரே பொருள் காண வேண்டும்.

டாரட் பண்டைய எகிப்தின் மறைஞானம் என்று 1781இல் பிரான்சின் கூர் த ஜெபலின் எழுதிய கருத்து இன்றும் பரவலாக நம்பப்படுகிறது. ஆனால் அது 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டத்துக்காகப் பிறந்தது என்பதை ஆக்ஸ்ஃபோர்டு தத்துவ அறிஞர் மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். கற்பவர் இவ்வரலாற்றிலிருந்தே தொடங்குவது நல்லது.

ஒரு கட்டில் 78 அட்டைகள் உண்டு. அவற்றுள் 22 அட்டைகள் மேஜர் அர்க்கானா எனப்படும். மரணம், சூரியன், நீதி போன்ற அவ்வட்டைகள் வாழ்வின் பெருநிலைகளைக் குறிக்கும். எஞ்சிய 56 அட்டைகள் மைனர் அர்க்கானா. கோல், கிண்ணம், வாள், காசு என்னும் நான்கு இனங்களாக, இனத்துக்கு 14 வீதம் அமைந்த இவை அன்றாட நிகழ்வுகளைச் சுட்டுவன.

இந்த 56 அட்டைகளுள் எண் அட்டைகளில் முன்னாளில் பெரும்பாலும் கிண்ணங்களோ வாள்களோ எண்ணிக்கைக்கேற்ப வரையப்பட்டிருந்தனவே தவிர, காட்சிகள் இல்லை. 1909இல் லண்டனில் வெளியான ரைடர்-வெயிட் கட்டுக்காக ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித் ஒவ்வோர் அட்டையிலும் ஒரு காட்சியை வரைந்த பின்னரே, மனப்பாடம் செய்யாமல் படத்தைப் பார்த்தே கற்க இயன்றது. அத்தகையவரின் பெயர் அக்கட்டின் பெயரில் இடம்பெறாமல் போனது பெரும் அநீதி. அவர் வரைந்த கிண்ணம் ஐந்து என்னும் அட்டையில், கறுப்பு மேலாடை போர்த்த ஒருவர் முன்னே கவிழ்ந்த மூன்று கிண்ணங்களையே பார்த்து நிற்கிறார். கவிழாத இரண்டு அவர் முதுகுக்குப் பின்னே இருக்கின்றன. இதனை இழப்பு என்று ஒற்றைச் சொல்லில் உரைப்பவர் பாதியையே வாசித்தவராவார். எஞ்சியது எது, அதை ஏன் அவர் காணவில்லை என்று குறி கேட்பவரிடமே வினவுவதுதான் நல்ல வாசிப்பு. ஆகவே தொடக்கத்தில் நாளுக்கோர் அட்டையை எடுத்து, விளக்க நூலைத் திறப்பதற்கு முன்பே, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதிவருவது மிகுந்த பயன் தரும்.

அட்டைகள் எதிர்காலத்தை அறிவிக்கும் என்பதற்குச் சான்று இல்லை. 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர், தம் மாணவர் 39 பேருக்கும் ஒரே குணவிளக்கத்தைத் தனித்தனியே எழுதியதுபோல் அளித்தபோது, அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் வழங்கிய மதிப்பெண் சராசரியாக 5க்கு 4.26 ஆக இருந்தது. பொதுவான சொற்களைத் தமக்கே உரியனவாக ஏற்கும் இவ்வியல்பு குறி கேட்பவரிடமும் உண்டு. எனவே பிறருக்கு அட்டை வாசிக்க முன்வருபவர், நோய், மரணம், வழக்கு பற்றிய கேள்விகளுக்கு விடை கூறாமல், கேட்பவரை மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ அனுப்பிவிட வேண்டும்.