உறங்க மறுக்கும் பெருக்கிச் சில்லுகள்

கல்கத்தா நகரில் வானொலி ஒலிபரப்பு 1927-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் நாள் தொடங்கிற்று. இன்று கொல்கத்தா எனப் பெயர் பெற்றுள்ள அந்நகரின் பல இல்லங்களில் வானொலிப் பெட்டி ஆண்டின் பெரும்பகுதியை அலமாரியிலேயே கழிக்கின்றது. ஆயினும் மஹாளய அமாவாசையன்று அதிகாலை 4 மணிக்கு அதற்கு அழைப்பு வந்து விடுகின்றது. 1930-களில் தொடங்கிய 'மகிஷாசுர மர்த்தினி' என்னும் ஒலிபரப்பை அவ்வேளையில் கேளாத வங்காளியர் இல்லம் அரிது. காளிகாட்டில் ஆதி கங்கைப் படித்துறைக்குத் தர்ப்பணம் செய்யப் புறப்படுவோரும் அதைக் கேட்ட பின்னரே புறப்பட விரும்புவர். மஹாளயத்துக்கு முந்திய நாட்களில் பழுது பார்ப்போரிடம் வானொலிகள் வந்து குவிவதன் காரணம் இதுவே.

அவ்வாறு வரும் பெட்டிகளில் ஒரு வகை விந்தையானது. அதில் எப்பகுதியும் கெடவில்லை; மின்கலங்கள் மட்டும் அடியோடு வற்றியுள்ளன. புதிய கலங்களை இட்டால் பெட்டி நன்றாகவே பாடும். அடுத்த ஆண்டும் அதே நிலையில் திரும்பி வரும். பெட்டியை 'நிறுத்திய' பின்னரும் அதனுள் இருக்கும் பெருக்கிச் சில்லு உண்மையில் நிற்கவில்லை என்பதே இதன் பொருள்.

பழைய வானொலியில் குமிழைத் திருகினால் மின்கலத்தின் தொடர்பே அறுந்துவிடும். பொத்தானை அழுத்தி நிறுத்தும் இக்காலப் பெட்டிகள் பலவற்றில் அவ்வாறில்லை. பெருக்கிச் சில்லு எந்நேரமும் மின்கலத்துடன் இணைந்தே இருக்கும். அதன் கால்களுள் ஒன்றுக்குக் கட்டுப்பாட்டுச் சில்லு அனுப்பும் மின்னழுத்தமே, 'விழித்திரு' அல்லது 'உறங்கு' என்னும் கட்டளையாகும். எடுத்துக்காட்டாக, எல்.எம். 4871 என்னும் எட்டுக்கால் சில்லு விழித்திருக்கையில், ஒலி ஏதும் எழுப்பாத போதும் ஏறக்குறைய 6 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை உண்ணும். முழு உறக்கத்திலோ ஒரு மைக்ரோ ஆம்பியர் கூடத் தேவையில்லை.

இவ்வேறுபாட்டின் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மின்கலத்தின் கொள்ளளவு 2,000 மில்லி ஆம்பியர்-மணி எனக் கொள்வோம். 6 மில்லி ஆம்பியர் வீதம் அது இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். ஒரு மஹாளயத்திலிருந்து மறு மஹாளயம் வரை ஏறத்தாழ 8,760 மணி நேரம். ஆகவே, சுமார் 230 மைக்ரோ ஆம்பியர் கசிவு இருப்பினும் ஆண்டு முடிவில் கலம் வெறுமையாகும். முழு விழிப்பை விட இந்த அரை உறக்கமே கண்டுபிடிக்கக் கடினமானது. சில்லு தொட்டால் சுடுவதில்லை, ஒலியும் இல்லை.

அரை உறக்கம் ஏன் நேருகின்றது? முதற் காரணம், கட்டளை மின்னழுத்தம் போதாமை. எல்.எம். 4871 உறங்க வேண்டுமாயின் அதன் முதற் காலில் மின்வழங்கு முனைக்குச் சமமான அழுத்தம் இருத்தல் வேண்டும். குறைந்தால் சில்லு ஒலியை நிறுத்தினும் மின்னோட்டத்தை முற்றிலும் நிறுத்தாது. மூன்று கலங்கள் தரும் 4.5 வோல்ட்டில் பெருக்கி இயங்க, கட்டுப்பாட்டுச் சில்லு 3.3 வோல்ட் மட்டுமே தரவல்லதாயின் இக்குறை எழும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கலங்கள் தேயத் தேய இவ்விரு அழுத்தங்களுக்கும் உள்ள இடைவெளி சுருங்கி, பழுது தானாகவே மறைந்துவிடும். பாதி தேய்ந்த கலங்களை இட்டுச் சோதிப்பவருக்குப் பெட்டி குற்றமற்றதாகவே தோன்றும். கட்டளைக்கும் சில்லின் காலுக்கும் இடையே சிறு டிரான்ஸிஸ்டர் ஒன்றையும், அக்காலை மின்வழங்கு முனையோடு பிணைக்கும் தடை ஒன்றையும் அமைப்பது இதற்கு மாற்று. டிரான்ஸிஸ்டர் கட்டளையைத் தலைகீழாக்கும் என்பதை மட்டும் மறத்தலாகாது.

சில்லை மாற்றுவோர் வேறொன்றும் அறிதல் வேண்டும். எல்.எம். 4890 என்னும் சில்லில் கட்டளை நேர்மாறானது. அங்கே தாழ் அழுத்தமே உறக்கம்.

இரண்டாவது காரணம் கொல்கத்தாவின் பருவ நிலைக்கே உரியது எனலாம். பெட்டியை நிறுத்தியதும் சில கட்டுப்பாட்டுச் சில்லுகள் தம் கால்களைக் கைவிட்டுவிடும். அப்போது கட்டளைக் காலை நிலைநிறுத்துவது, மின்வழங்கு முனையோடு அதைப் பிணைக்கும் தடை மட்டுமே. அத்தடை 10 லட்சம் ஓம் என்போம். ஆடி, ஆவணி மாதங்களின் ஈரக் காற்றில், பற்றவைப்பில் எஞ்சிய பிசினும் தூசியும் நீரை ஈர்த்துப் பலகையின் மேல் மெல்லிய படலமாகப் பரவும். அப்படலம் காலுக்கும் தரைக்கும் இடையே 20 லட்சம் ஓம் தடையாக அமைந்தால், காலில் நிற்பது 4.5 வோல்ட்டில் மூன்றில் இரு பங்கு, அதாவது 3 வோல்ட் மட்டுமே. அதே இடத்தில் 47,000 ஓம் தடை இருந்திருப்பின், 4.4 வோல்ட் நின்றிருக்கும். பெரிய தடையை இட்டு மின்னோட்டத்தைச் சிக்கனம் செய்வதாக எண்ணுவது வீண் எண்ணமே. அத்தடையின் வழியே மின்னோட்டம் பாய்வது பெட்டி பாடும்போது தான். அதுவும் 100 மைக்ரோ ஆம்பியருக்கு மிகாது.

இப்பழுதைச் சோதிக்க எளிய வழி உள்ளது. மின்னோட்டத்தை அளந்துகொண்டே பலகையின் மீது வாயால் மெல்ல ஊதினால் அளவு ஏறும். கூந்தல் உலர்த்தியின் வெப்பக் காற்றைக் காட்டினால் இறங்கும். ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலால் பலகையைக் கழுவி உலர்த்துவது பாதி வைத்தியம். தடையை மாற்றுவது மீதி.

சில பெட்டிகளில் பெருக்கிக்குச் செல்லும் மின்சாரத்தையே டிரான்ஸிஸ்டர் ஒன்று துண்டித்து விடுகின்றது. அங்கும் கசிவு நுழைய ஒரு புறவழி உண்டு. சில்லின் உள்ளீட்டுக் கால்களில், மின் அதிர்ச்சியிலிருந்து காக்கும் பொருட்டு டயோடுகள் அமைந்திருப்பது வழக்கம். முன்வாயில் அடைத்திருக்கையில், விழித்திருக்கும் மற்றொரு சில்லு உள்ளீட்டுக் காலில் 3.3 வோல்ட்டை நிறுத்தினால், அது டயோடின் வழியே புகுந்து மின்வழங்கு முனையை 2.7 வோல்ட்டுக்கு உயர்த்திவிடும். துண்டித்த பின் அம்முனையை அளந்து, சுழி இல்லாது வேறு எண் கிடைத்தால் காரணம் இதுவே. துண்டிக்குமுன் உள்ளீட்டுக் கால்களையும் தாழ் அழுத்தத்துக்குக் கொணர்தல் வேண்டும்.

அளக்கும் முறையிலேயே ஏமாற்றம் நேருவதும் உண்டு. சாதாரண மல்ட்டிமீட்டரை 200 மைக்ரோ ஆம்பியர் வரம்பில் வைத்தால், அதன் உள்தடை ஏறக்குறைய 1,000 ஓம். 6 மில்லி ஆம்பியர் அதன் வழியே பாய 6 வோல்ட் வேண்டும், இருப்பதோ 4.5 வோல்ட். ஆகவே பெட்டி விழிக்கவே இயலாது தடுமாறும். காட்டும் எண்ணும் பொருளற்றது. மாறாக, கலத்துக்கும் பெட்டிக்கும் இடையே 1,000 ஓம் தடை ஒன்றை இட்டு, முதலில் அதை ஒரு கம்பியால் குறுக்கிணைத்து விட வேண்டும். பெட்டியை இயக்கி, நிறுத்தி, சில நிமிடம் கழிந்த பின் கம்பியை அகற்றித் தடையின் இரு முனைகளிலும் அழுத்தத்தை அளந்தால், ஒரு மில்லி வோல்ட் ஒரு மைக்ரோ ஆம்பியரைக் குறிக்கும். நெடுநாள் உறங்கிய மின்தேக்கிகள் தொடக்கத்தில் சிறிது மிகுதியாகவே உண்ணுமாதலின், காத்திருப்பது இன்றியமையாதது.

கிடைக்கும் எண் சில மில்லி வோல்ட்டுக்கு உட்பட்டதாயின் பெட்டியைக் கலங்களோடே அலமாரியில் வைக்கலாம். 100-ஐ நெருங்குமாயின், பழுது தீரும் வரை கலங்களைக் கழற்றி வைப்பதே தகும். வற்றிய ஆல்கலைன் கலத்திலிருந்து கசியும் பொட்டாஸியம் ஹைடிராக்ஸைடு தொடுமுனைகளை அரித்துவிடுமாதலின், அதன்பின் புதிய கலங்களை இட்டும் பயன் இராது.