தோட்டத்துச் சிலந்தியும் ஆனைக்கா விதானமும்

கறம்பக்குடி வட்டாரத் தோட்டங்களில் சிலந்திகளை இனங்காண முற்படுவோர் உடலுக்கு முன் வலையை நோக்குதல் நன்று. செங்குத்தான வட்டவலையின் நடுவில், எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கற்குறி போலத் தலைகீழாக அமர்ந்திருப்பது ஆர்ஜியோப் அனசுஜா. 1887இல் தோரெல் பெயரிட்டது. அது கால்களின் நீட்சிபோல் நெய்யும் வெண்ணிற நெளிகோடு இரையை ஈர்க்கவா, பறவையை விலக்கவா என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. வயிற்றோரம் முட்களுடையது காஸ்டெரகாந்தா. நியோஸ்கோனா பெரும்பாலும் அந்தியில் நெய்து விடியலில் வலையை அகற்றிவிடும்.

இவற்றினின்று விலகி நிற்பது சிர்டோபோரா. இதுவும் வட்டவலைச் சிலந்திக் குடும்பத்தையே சார்ந்தது; எனினும் இதன் வலை கிடைமட்டமானது, நுண்கண்ணிகள் செறிந்தது, ஒட்டுந்தன்மை அற்றது. மேலும் கீழும் இழைகள் பின்னிக் கூடாரம்போல் பலநாள் நிலைக்கும். உதிர்ந்த சருகுகள் அதன்மேல் தங்கும்.

இவ்வேறுபாடு இலக்கிய வாசிப்புக்கும் உதவுவது. திருவானைக்காவில் இறைவன் திருமுடிமேல் சருகு விழாவண்ணம் நூலிழைத்த சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது பெரியபுராணச் செய்தி. அவ்வலையைச் சேக்கிழார் செறிந்து விரிந்த விதானமாகவே காட்டுகிறார். செங்குத்து வட்டவலை மேலிருந்து விழும் சருகைத் தடுக்காது. புராணச் சிலந்தியின் இனத்தை நிறுவுதல் இயலாததே. எனினும் அவ்வுவமையைப் புலவரின் கற்பனை என்று மட்டும் கொள்ளாமல், தோட்டத்து வேலியில் கண்ட காட்சியின் பதிவாகவும் கொள்ள இடமுண்டு.